டீபக்கரை ஸ்கிரிப்ட்டால் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் கொழுந்து எடைக்கும் மழைமானிக்கும் விடுதிக் கணக்குக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். டீபக்கர் என்பது நிரலை ஓரிடத்தில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி. அதைக் கையால் அல்லாமல் இன்னொரு சிறு நிரலால் (ஸ்கிரிப்ட்டால்) ஓட்டுவது பற்றித்தான் பேசுகிறோம். எடிட்டரில் பொத்தானை அழுத்தி டீபக் செய்யத் தெரிந்திருந்தால் போதும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

பதில்களில் ஒரே எடுத்துக்காட்டு திரும்பத் திரும்ப வரும். தேயிலைக் கொழுந்து வாங்கும் இலைக் கொட்டகையில் ஒரு மின்னணுத் தராசு இருக்கிறது. சாக்கை வைத்துப் பொத்தானை அழுத்தினால் +0020.40 என்பதுபோல எட்டு எழுத்தும் ஒரு வரிமுடிவும் சீரியல் கம்பி வழியே வரும். பைதான் நிரல் அரை நொடிக்கு ஒருமுறை கம்பியைப் பார்த்து, வந்த எடையில் சாக்குக்கு 0.50 கிலோ கழித்து, விவசாயி பெயரில் எழுதுகிறது. எப்போதாவது ஒரு நாள் நிகர எடை −0.10 என்று பதிவாகிறது. மேசையில் வைத்துச் சோதித்தால் வருவதே இல்லை.

கையாலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே, ஸ்கிரிப்ட் எதற்கு?

பிழை கைக்கெட்டும் தூரத்தில், கேட்டவுடன் வருகிறது என்றால் ஸ்கிரிப்ட் வேண்டாம். பொத்தானே போதும். எடைப் பிழை அப்படிப்பட்டதல்ல. நூற்றுக்கணக்கான சாக்குகளில் ஒன்றில் வருவதற்காக ஒருவர் காலை முதல் மாலை வரை திரைக்கு முன்னால் உட்கார முடியாது.

தூரம் இன்னொரு காரணம். எடிட்டரில் ஒருமுறை ‘ஸ்டெப் ஓவர்’ அழுத்தினால் உள்ளே போவது ஒரு செய்தி அல்ல. அடுத்த வரிக்குப் போகச் சொல்ல ஒன்று, த்ரெட் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழை) பட்டியல் கேட்க ஒன்று, ஸ்டாக் (ஒன்றையொன்று அழைத்து நிற்கும் செயற்கூறுகளின் அடுக்கு) கேட்க ஒன்று, ஸ்கோப் (மாறிகள் இருக்கும் எல்லை) கேட்க ஒன்று, மாறிகளைக் கேட்க ஒன்று என்று குறைந்தது ஐந்து. மஞ்சு இறங்கிய நாளில் மொபைல் இணைப்பில் ஒரு செய்தி போய்த் திரும்ப 400 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். ஓர் அடிக்கு 2 நொடி. 60 அடி நடக்க 2 நிமிடம், நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து. ஸ்கிரிப்ட் கொட்டகைக் கணினியிலேயே ஓடினால் இவற்றில் ஒரு செய்திகூட மலையைத் தாண்ட வேண்டியதில்லை. முடிவைப் பதிந்த கோப்பு மட்டும் உங்களிடம் வந்தால் போதும்.

எடிட்டருக்கும் டீபக்கருக்கும் இடையே என்னதான் பேச்சு நடக்கிறது?

இன்று பெரும்பாலான எடிட்டர்கள் டீபக் அடாப்டர் புரோட்டோகால், சுருக்கமாக டி.ஏ.பி., என்ற மொழியில் பேசுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் வி.எஸ். கோடு எடிட்டருக்காக உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. எடிட்டர் ஒரு பக்கம், அடாப்டர் என்ற இடைநிரல் மறு பக்கம். செய்திகள் ஜேசன் வடிவில் போகும். அவை மூன்றே வகை: கோரிக்கை, பதில், நிகழ்வு. கோரிக்கைக்கு ஒரு வரிசை எண் உண்டு. பதில் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வரும். நிகழ்வு யாரும் கேட்காமலே வரும்.

நிறுத்தத்தில் மாறியின் மதிப்பைப் பிடிக்க ஒரு சங்கிலி இருக்கிறது. ஸ்டாப்டு நிகழ்வு த்ரெட் எண் தரும். அதைக் கொடுத்து ஸ்டாக்டிரேஸ் கேட்டால் ஃபிரேம் (அடுக்கில் ஒரு படி) எண் வரும். அதைக் கொடுத்து ஸ்கோப்ஸ் கேட்டால் வேரியபிள்ஸ்ரெஃபரன்ஸ் என்ற எண் வரும். அதைக் கொடுத்தால்தான் மாறிகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மலை ரயில் பல் பல்லாகப் பற்றி ஏறுவதுபோல, ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலைப் பற்றித்தான் ஏற முடியும். நடுவில் ஒரு பல்லைத் தாண்ட முடியாது.

என் ஸ்கிரிப்ட் அடாப்டரோடு பேசத் தொடங்கியதும் அப்படியே உறைந்து நிற்கிறது. ஏன்?

பத்தில் எட்டு பேர் கேட்பது இதைத்தான். வழக்கமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, தொடக்க வரிசை. இனிஷியலைஸ் கோரிக்கை அனுப்பி அதன் பதிலை வாங்குங்கள். பிறகு லான்ச் (நிரலைப் புதிதாகத் தொடங்க) அல்லது அட்டாச் (ஓடும் நிரலோடு இணைய) அனுப்புங்கள். *அதன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.* அடாப்டரிடமிருந்து இனிஷியலைஸ்டு என்ற நிகழ்வு வரும். அது வந்ததும் பிரேக்பாயிண்ட்டுகளை, அதாவது நிரல் நிற்க வேண்டிய வரிகளை, சொல்லும் செட்பிரேக்பாயிண்ட்ஸ் அனுப்பி, கடைசியாகக் கான்ஃபிகரேஷன்டன் அனுப்ப வேண்டும். பைதானுக்கான டீபக்பை அடாப்டர் இந்தக் கடைசிச் செய்தி வந்த பிறகுதான் அட்டாச்சுக்கே பதில் தரும். நீங்கள் அட்டாச்சின் பதிலுக்கு நிற்க, அது உங்கள் கடைசிச் செய்திக்கு நிற்க, ஒற்றைவழிக் கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேருந்தும் எதிரெதிரே நின்ற கதைதான். இனிஷியலைஸ் கோரிக்கையும் இனிஷியலைஸ்டு நிகழ்வும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கடைசி ஓரெழுத்தில்தான் வேறுபாடு.

இரண்டாவது காரணம் தமிழ் எழுதும் நமக்கென்றே அமைந்தது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் கன்டென்ட்-லெங்த் என்று ஒரு நீளம் போகும். அது எழுத்து எண்ணிக்கை அல்ல, பைட் எண்ணிக்கை. ‘குன்னூர்’ கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 8 குறியீடுகள். யூ.டி.எஃப்-8 வடிவில் 24 பைட். அடாப்டர் 24 பைட்டுக்குக் கணக்குச் சொல்ல, உங்கள் ஸ்கிரிப்ட் உரை முறையில் திறந்து 24 எழுத்துகளை எதிர்பார்த்தால், வராத எழுத்துகளுக்காகக் காத்தே கிடக்கும். சாக்கெட்டைப் பைட் முறையிலேயே படியுங்கள். நீளத்துக்கு நிகரான பைட்டுகள் சேர்ந்த பிறகே உரையாக மாற்றுங்கள். பைதானின் ஜேசன் நூலகம் தமிழைத் தானாகவே ஆங்கிலக் குறியீடாக மாற்றி அனுப்புவதால், அனுப்பும் பக்கம் இந்தத் தவறு வெளியே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தின் நீளத்தை அப்படியே எடுத்துப் போட்டால் முதல் தமிழ்ப் பெயரிலேயே உடையும்.

இரண்டு நொடி தூங்கவிட்டு அடுத்த கட்டளையை அனுப்பலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

டீபக்கருக்குக் கட்டளை அனுப்பியதும் ‘சரி’ என்று ஒரு பதில் வருமே, அது ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற பொருளில்தான். ‘செய்து முடித்தேன்’ என்று பொருளல்ல. கண்டினியூவுக்குப் பதில் வந்துவிட்டது என்றால் நிரல் ஓடத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே. அது எங்கே நின்றது என்பதை ஸ்டாப்டு நிகழ்வு மட்டுமே சொல்லும். உங்கள் கணினியில் இரண்டு நொடி போதுமாக இருக்கும். கொட்டகையில் இருக்கும் பழைய கணினியில் நூலகங்களை ஏற்றவே ஐந்து நொடி ஆகும். தூக்கத்தை நம்பிய ஸ்கிரிப்ட் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. அப்போது நிரலில் பிழையா ஸ்கிரிப்ட்டில் பிழையா என்றே தெரியாமல் போகும்.

செய்யவேண்டியது: நிகழ்வைக் கேட்கும் செவியை *முதலில்* வைத்துவிட்டு, பிறகு கட்டளையை அனுப்புங்கள். வரிசை மாறினால், வேகமான நிரலில் நிகழ்வு வந்துபோன பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஒவ்வொரு காத்திருப்புக்கும் நான்கு முடிவுகள் உண்டு: ஸ்டாப்டு வரலாம், டெர்மினேட்டட் வரலாம், எக்ஸிட்டட் வரலாம், எதுவுமே வராமல் காலக்கெடு தீரலாம். நான்குக்கும் வழி எழுதுங்கள். ஸ்டாப்டு வந்தாலும் அதன் காரணத்தைப் பாருங்கள். பிரேக்பாயிண்ட்டா, ஸ்டெப்பா, எக்செப்ஷனா, யாரோ இடைநிறுத்தினார்களா என்று அதில் இருக்கும். பிரேக்பாயிண்ட்டை எதிர்பார்த்த இடத்தில் எக்செப்ஷன் வந்து நின்றிருந்தால், அடுத்து எடுக்கும் மாறிகள் எல்லாம் வேறொரு செயற்கூற்றுடையவை.

வி.எஸ். கோடுக்கு உள்ளேயே, ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து ஓட்டுவது எப்படி?

விஎஸ்கோட்.டீபக் என்ற பெயர்வெளியில் எல்லாம் இருக்கிறது. ஆட்பிரேக்பாயிண்ட்ஸ் மூலம் நிறுத்தங்களை முதலில் இடுங்கள். ஸ்டார்ட்டீபக்கிங்குக்குப் பணிக்கோப்புறையையும், லான்ச் கோப்பில் இருக்கும் உள்ளமைவின் பெயரையோ முழு உள்ளமைவையோ கொடுங்கள். அது தரும் ‘உண்மை’ என்ற விடை, செஷன் தொடங்கிவிட்டது என்பதற்கு மட்டும். நிரல் நின்றதைக் கேட்க நேரடி நிகழ்வு இல்லாததால், ரிஜிஸ்டர்டீபக்அடாப்டர்டிராக்கர்ஃபேக்டரி என்ற நீளப் பெயர்க்காரரைப் பதிவு செய்ய வேண்டும். அடாப்டர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அதன் ஆன்டிட்சென்ட்மெசேஜ் வழியாகப் போகும். அங்கே ஸ்டாப்டு நிகழ்வைப் பிடித்துக்கொள்ளலாம். செஷன் தொடங்குவதற்கு முன்பே இதைப் பதிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்கு அது பின்னால் போய் ஒட்டாது.

நின்ற பிறகு ஸ்டாக்கையும் மாறிகளையும் கேட்க, செஷனின் கஸ்டம்ரிக்வெஸ்ட் போதும். பெயர் எப்படியிருந்தாலும், வழக்கமான டி.ஏ.பி. கோரிக்கைகளையும் அது அனுப்பும்.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. எடிட்டரின் இடைமுகத்தில் வரி எண் 0-இல் தொடங்கும். திரையில் 42-ஆம் வரி என்றால் 41 கொடுக்க வேண்டும். ஆனால் கஸ்டம்ரிக்வெஸ்ட்டில் வரும் ஸ்டாக்கில் அதே வரி 42 என்றே இருக்கும். அங்கே 1-இல் தொடங்கும் வழக்கம். இரண்டையும் ஒரே மாறியில் வைத்தால் ஒரு வரி தள்ளித் தள்ளியே நிற்பீர்கள். இரண்டாவது, கண்டினியூ, நெக்ஸ்ட் போன்ற ஓட்டக் கட்டளைகளைக் கஸ்டம்ரிக்வெஸ்ட்டில் அனுப்பினால் நிரல் ஓடிவிடும். எடிட்டருக்கு அது தெரியாது. கோரிக்கையைக் கேட்டு ஓட்டியதை அடாப்டர் மறுபடி நிகழ்வாக அறிவிக்கவேண்டும் என்று நெறிமுறையில் இல்லை. மஞ்சள் கோடு பழைய வரியிலேயே நிற்கும். திரையில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், எடிட்டரின் சொந்த ஸ்டெப்ஓவர், கண்டினியூ கட்டளைகளையே எக்ஸிக்யூட்கமாண்ட் வழியாக அழையுங்கள்.

மூன்றாவது பள்ளம் மரியாதை தொடர்பானது. வேலை முடிந்ததும் எல்லாப் பிரேக்பாயிண்ட்டுகளையும் அழித்துவிடாதீர்கள். அவற்றில் சில உடன் வேலை செய்கிறவர் மூன்று நாளாக வைத்திருப்பவை. நீங்கள் சேர்த்த பொருள்களை மட்டும் ஒரு பட்டியலில் வைத்து, அவற்றை மட்டும் நீக்குங்கள்.

நேரடியாக டி.ஏ.பி. பேசும் ஸ்கிரிப்ட்டில் இரண்டாவது பிரேக்பாயிண்ட் சேர்த்ததும் முதலாவது காணாமல் போகிறதே?

செட்பிரேக்பாயிண்ட்ஸ் என்பது சேர்ப்பது அல்ல, மாற்றிவைப்பது. ஒரு கோப்புக்கு எத்தனை நிறுத்தம் வேண்டுமோ அத்தனையையும் ஒவ்வொரு முறையும் முழுதாக அனுப்ப வேண்டும். காலிப் பட்டியல் அனுப்பினால் அந்தக் கோப்பில் ஒன்றும் மிஞ்சாது.

பிரேக்பாயிண்ட் வைத்தும் நிற்கவில்லை. எதைப் பார்ப்பது?

செட்பிரேக்பாயிண்ட்ஸின் பதிலைத்தான். ஒவ்வொன்றுக்கும் வெரிஃபைடு என்ற விடை இருக்கும். ‘இல்லை’ என்றால் அடாப்டரால் அதை எங்கும் பொருத்த முடியவில்லை. எடிட்டரில் சிவப்பு வட்டம் சாம்பல் நிறமாவது இதனால்தான். பதிலிலேயே உண்மையில் பொருந்திய வரி எண்ணும் இருக்கலாம். வெற்று வரியிலோ குறிப்பு வரியிலோ வைத்தால் சில அடாப்டர்கள் அடுத்த வரிக்கு நகர்த்திவிடும். கேட்ட வரியையும் கிடைத்த வரியையும் ஸ்கிரிப்ட் ஒப்பிட வேண்டும்.

பொருந்தாமைக்குப் பெரும்பாலும் காரணம் கோப்புப் பாதை. உங்கள் மடிக்கணினியில் ஒரு பாதை, கொட்டகைக் கணினியில் வேறு பாதை. பாத்மேப்பிங்ஸில் உள்ளூர் வேரையும் தொலைவு வேரையும் இணைக்க வேண்டும். குறுக்கிணைப்புக் கோப்புறை வழியாக ஓடும் நிரலிலும் இதே தொல்லைதான். பாதை சரி என்றால் அடுத்து, டீபக்பையில் ஜஸ்ட்மைகோட் இயல்பாகவே ‘ஆம்’ என்றிருக்கும். நிறுவிய நூலகங்களுக்குள் நிற்க அதை ‘இல்லை’ ஆக்க வேண்டும். சி, சி++ என்றால் நிரலை ‘ஜி’ கொடியோடு தொகுத்தீர்களா என்று பாருங்கள்.

நிபந்தனையோடு நிறுத்துவதா, நிறுத்தாமல் எழுதவிடுவதா?

கருவியோடு பேசும் நிரலுக்கு எங்கள் தேர்வு, நிறுத்தாமல் எழுதும் லாக்பாயிண்ட். பிரேக்பாயிண்ட்டில் லாக்மெசேஜ் கொடுத்தால் நிரல் நிற்காது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் கோவையின் மதிப்பு அவுட்புட் நிகழ்வாக வரும்.

காரணம் இது: நிரலை நிறுத்தலாம், தராசை நிறுத்த முடியாது. நீங்கள் மாறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இயங்குதளத்தின் இடையகத்தில் (பஃபரில்) எடைகள் குவியும். ஓடவிட்டதும் பத்து நிமிடத்துக்கு முந்தைய சாக்கின் எடையை இப்போது வந்ததாக நிரல் எடுத்துக்கொள்ளும், அது வேறொருவர் பெயரில் ஏறும். உண்மையான எடை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கையால் நிறுத்தவே கூடாது. சிறு விவசாயிக்கு அந்த ஒரு சாக்கு பெரிய காசு.

நிபந்தனை நிறுத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் நிபந்தனை கணக்கிடப்படும். சி மொழி நிரல்களுக்குப் பயன்படும் ஜி.டி.பி. போன்ற டீபக்கரில் ஒவ்வொரு தடவையும் நிரல் உண்மையிலேயே நின்று, டீபக்கர் பார்த்து, மறுபடி ஓடும். நொடிக்கு இரண்டு முறை வரும் வரியில் கவலையில்லை. லட்சம் முறை சுழலும் மடக்கில் வைத்தால் நிரல் ஊர்ந்துவிடும். அங்கே நிரலிலேயே ஒரு ‘இஃப்’ எழுதி, உள்ளே பைதான் 3.7-இலிருந்து இருக்கும் பிரேக்பாயிண்ட் என்ற உள்ளமைச் செயற்கூற்றை அழைப்பது நல்லது. வேலை முடிந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள். மறந்தாலும் பைதான்பிரேக்பாயிண்ட் என்ற சூழல் மாறியை 0 ஆக்கினால் அது ஒன்றும் செய்யாது.

மாறிகளைப் பிறகு பார்க்கலாம் என்று எண்களைச் சேர்த்து வைத்தேன். பிறகு கேட்டால் பிழை வருகிறது.

ஃபிரேம் எண்ணும் வேரியபிள்ஸ்ரெஃபரன்ஸும் அந்த நிறுத்தம் வரைதான் உயிரோடிருக்கும். ஓடவிட்ட கணத்தில் செல்லாது. தேவையான மதிப்புகளை நிறுத்தத்திலேயே உரையாக எடுத்துக் கோப்பில் எழுதிவிடுங்கள். ஆயிரம் உருப்படிப் பட்டியலை முழுதாகக் கேட்காமல், அடாப்டர் அனுமதித்தால் தொடக்கமும் எண்ணிக்கையும் கொடுத்துத் துண்டுதுண்டாகக் கேளுங்கள்.

இவாலுவேட் கோரிக்கையில் இன்னொரு கவனம் வேண்டும். அது கோவையை உங்கள் நிரலுக்குள்ளேயே ஓட்டும். தராசைப் படிக்கும் செயற்கூற்றை அதில் அழைத்தால், ஒரு சாக்கின் எடை உங்கள் கையில் வந்து தொலைந்தது. நிரலுக்கு அது போகாது. மாறிகளை மட்டும் கேளுங்கள், செயற்கூறுகளை அழைக்காதீர்கள்.

கொட்டகைக் கணினிக்குத் தொலைவிலிருந்து இணைவது எப்படி? பாதுகாப்பா?

அங்கே நிரலை டீபக்பையோடு, லிஸன் 5678 (இணையும் துறை, அதாவது போர்ட் எண்), வெயிட்-ஃபார்-கிளையண்ட் என்ற தேர்வுகளோடு தொடங்குங்கள். யாராவது இணையும்வரை முதல் வரிகூட ஓடாது. முகவரி 127.0.0.1 ஆகவே இருக்கட்டும். 0.0.0.0 என்று வைத்தால் அந்த வலையில் இருக்கும் எவரும் இணையலாம். இணைந்தவர் இவாலுவேட் மூலம் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம், கடவுச்சொல் கேட்காது. வெளியிலிருந்து எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் (மறையாக்கிய இணைப்பு) வழியே உங்கள் 5678-ஐ அங்குள்ள 5678-ஓடு இணைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு எங்கள் பரிந்துரை, சுரங்கமே வேண்டாம். ஸ்கிரிப்ட்டை அங்கேயே ஏற்றி, டிமக்ஸ் என்ற முனையக் கருவிக்குள் ஓடவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸ் உயிரோடிருக்கும். மின்சாரம் போவதற்கும் தயாராக இருங்கள். பதிவுக் கோப்பில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதியவுடன் ஃப்ளஷ் செய்து, வட்டில் எழுதவைக்கும் எஃப்சிங்க்கும் அழையுங்கள். இல்லையென்றால் நாள் முழுக்கச் சேர்த்தது வட்டுக்குப் போகாமல் நினைவகத்தோடு போகும். ஸ்கிரிப்ட் ஏதாவது காரணத்தால் தடுமாறினால் நிரலை நின்ற நிலையில் விட்டுவிடாதபடி, பிழை கையாளும் பகுதியில் கண்டினியூவும் டிஸ்கனெக்ட்டும் இருக்க வேண்டும். டிஸ்கனெக்ட்டில் டெர்மினேட்டீபக்கீயை ‘இல்லை’ என்றே வையுங்கள். எடை போடும் வரிசை நின்றுவிடக் கூடாது.

மழைமானி நிரல் சி மொழியில். அதற்கு?

ஜி.டி.பி.க்கு மூன்று கதவுகள். பழையது எம்.ஐ. என்ற இயந்திர இடைமுகம். வரி வரியாகக் கட்டளை, வரி வரியாக விடை. புதியது, 14-ஆம் பதிப்பிலிருந்து ஜி.டி.பி.யே நேரடியாக டி.ஏ.பி. பேசுவது. நடுவில் இருப்பது, ஜி.டி.பி.க்குள்ளேயே ஓடும் பைதான். இந்த வேலைக்கு அதுதான் சிறந்தது.

மழைமானிச் சாய்கலம் ஒருமுறை சாய்ந்தால், வகையைப் பொறுத்து 0.2 மி.மீ. அல்லது 0.254 மி.மீ. மழை என்று கணக்கு. சுவிட்ச் அதிர்ந்து ஒரே சாய்வு இரண்டாக எண்ணப்பட்டால் அந்த மழையே இரட்டிப்பாகும். ஜி.டி.பி.யின் பிரேக்பாயிண்ட் வகுப்பிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கி, ஸ்டாப் என்ற செயற்கூற்றில் நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதிவிட்டு ‘இல்லை’ என்று திருப்பினால், நிரல் நிற்காமல் ஓடும். அந்தச் செயற்கூற்றுக்குள்ளிருந்து ஸ்டெப், கண்டினியூ எதையும் அழைக்கக் கூடாது. பைதானில் தனி த்ரெட் தொடங்கியிருந்தால், அங்கிருந்து ஜி.டி.பி.யை நேரடியாகத் தொடாமல் போஸ்ட்_ஈவென்ட் வழியாகவே தொட வேண்டும்.

எண்ணிக்கையை மாற்றுவது யார் என்றே தெரியவில்லை என்றால் வாட்ச்பாயிண்ட் (மாறியின் மதிப்பு மாறும்போது நிறுத்துவது) வையுங்கள். இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் இதற்கான வன்பொருள் பதிவேடுகள் நான்கே. அவை நிரம்பியபின் ஜி.டி.பி. மென்பொருளால் ஒவ்வொரு கட்டளையாக நடத்திப் பார்க்கும், நிரல் நூறு மடங்குகூட மெதுவாகலாம். ஒரு செயற்கூற்றின் உள்மாறிக்கு வைத்த வாட்ச்பாயிண்ட் அந்தச் செயற்கூறு முடிந்ததும் தானே நீங்கிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் அட்டாச் செய்ய அனுமதியில்லை என்று வந்தால், உபுண்டுவில் யாமா ப்டிரேஸ்_ஸ்கோப் என்ற பாதுகாப்பு அமைப்பு 1 ஆக இருப்பது காரணம். டீபக்கர் தானே தொடங்கிய பிள்ளைச் செயல்முறையல்லாததைத் தொட அது விடாது. ரூட்டாக ஓட்டுங்கள், அல்லது சோதனை நேரத்துக்கு மட்டும் 0 ஆக்குங்கள். மாறிக்குப் பதில் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால், ஓ-பூஜ்யம் அல்லது ஓ-ஜி கொடியோடு மீண்டும் தொகுக்க வேண்டும்.

எல்.எல்.டி.பி. என்ற இன்னொரு டீபக்கரைப் பைதானிலிருந்து ஓட்டும்போது செட்அசிங்க்கை ‘இல்லை’ என்று வைத்தால், ஒவ்வொரு ஓட்டக் கட்டளையும் நிரல் நிற்கும்வரை திரும்பாது. சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு அதுவே எளிது.

ஜாவா, நோட், விஷுவல் ஸ்டுடியோ?

ஜாவாவில் நிரலை ஜே.டி.டபிள்யூ.பி. என்ற டீபக் முகவரோடு தொடங்க வேண்டும். வழக்கமான துறை 5005. ஜாவா 9-இலிருந்து வெறும் எண் கொடுத்தால் அதே கணினியிலிருந்து மட்டுமே இணைய முடியும், அதை அப்படியே வைப்பதே நல்லது. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் இன்ஸ்பெக்ட்-பிரேக் தேர்வு, துறை 9229. முதல் வரியிலேயே நிற்கும். விஷுவல் ஸ்டுடியோவில், அதை வெளியிலிருந்து இயக்கும் டி.டி.இ. பொருளின் டீபக்கர் வழியாக ஓட்டலாம். அது வேலையாக இருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து அழைத்தால் அழைப்பு நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும். காம் செய்தி வடிகட்டி ஒன்றைப் பதிந்து, மறுபடி முயலச் செய்ய வேண்டும்.

எடைப் பிழைக்கு ஸ்கிரிப்ட் முழுதாக எப்படி?

நிரலில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, வரிமுடிவு இல்லாமல் வந்த உரையைத் தள்ளிவிடும் வரி. அங்கே ‘உரை காலியில்லை’ என்ற நிபந்தனையோடு ஒரு லாக்பாயிண்ட், நேரமும் உரையும் எழுத. இன்னொன்று, நிகர எடை கணக்கிடும் வரிக்கு அடுத்த வரி (பிரேக்பாயிண்ட் தன் வரி ஓடுவதற்கு முன்பே நிற்கும்). அங்கே நிபந்தனைப் பிரேக்பாயிண்ட். நிபந்தனையாக ‘நிகரம் பூஜ்யத்துக்குக் கீழ்’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். அதை எழுதாதீர்கள். ‘உரையின் நீளம் 8 இல்லை’ என்று எழுதுங்கள். ஏன் என்பது கீழே.

ஸ்கிரிப்ட் 127.0.0.1:5678-இல் இணைந்து, மேலே சொன்ன வரிசையில் இனிஷியலைஸ், அட்டாச், செட்பிரேக்பாயிண்ட்ஸ், கான்ஃபிகரேஷன்டன் அனுப்பும். ஸ்டாப்டு வந்ததும் ஸ்டாக்கின் முதல் ஃபிரேமில் உரை, நிகரம், விவசாயி எண் மூன்றையும் இவாலுவேட் செய்து கோப்பில் எழுதி, உடனே கண்டினியூ. அதே கணினியில் ஓடுவதால் இந்த நிறுத்தம் கண்ணிமைக்கும் நேரமே. அவுட்புட் நிகழ்வுகளும் அதே கோப்புக்குப் போகட்டும்.

இப்போது கோப்பில் இணை இணையாக வரிகள் விழும். ‘+002’ தள்ளப்பட்டது, அரை நொடி கழித்து ‘0.40’ கணக்கிடப்பட்டது. தராசு சொன்னது 20.40. சீரியல் வாசிப்பின் டைம்அவுட் 0 என்று வைக்கப்பட்டிருப்பதால், கம்பியில் அதுவரை வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பு திரும்பிவிடுகிறது. முதல் பாதி வரிமுடிவு இல்லாததால் குப்பைக்குப் போகிறது. இரண்டாம் பாதி வரிமுடிவோடு வருவதால் முழு எடையாகிறது. 0.40-இல் 0.50 கழித்தால் −0.10.

கம்பியின் வேகம் 9600 பாட் என்றால் நொடிக்கு 960 பைட். 9 பைட் வந்துசேர 9.4 மில்லிநொடி. நிரல் பார்ப்பது 500 மில்லிநொடிக்கு ஒருமுறை. அந்தப் பார்வை சரியாக வரி வந்துகொண்டிருக்கும்போது விழும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பத்து மூன்றில் ஒன்று. எதிர்மறை எடை அரிதாக வந்தது, வெட்டு குறிப்பிட்ட இடத்தில் விழுந்தால்தான் எண் எதிர்மறையாகும் என்பதால். 23.40 வெட்டுப்பட்டு 3.40 ஆனபோது நிகரம் 2.90 என்று பதிவாகி, யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். நீளத்தை நிபந்தனையாக வைத்தால் அவையும் பிடிபடும். மேசையில் கையால் நிறுத்திப் பார்த்தவருக்குப் பிழை வராததற்கும் இதுவே காரணம். நிரல் நின்றிருந்த நேரத்தில் முழு வரியும் இடையகத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது, ஓடவிட்டதும் வாசிப்பு முழு வரியையும் எடுக்கிறது.

திருத்தம் இரண்டு வரி. வரிமுடிவு இல்லாத பாதியைத் தள்ளாமல் ஒரு மாறியில் வைத்து, அடுத்து வருவதோடு ஒட்டுங்கள். ஒட்டிய உரை 8 எழுத்து இல்லையென்றால் எடையாக ஏற்காமல், சாக்கை மறுபடி வைக்கச் சொல்லித் திரையில் காட்டுங்கள். பிறகு அதே ஸ்கிரிப்ட்டை இன்னும் ஒரு வாரம் ஓடவிட்டு, நீள நிபந்தனையில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்று பாருங்கள். பழைய பதிவுகளில் 10 கிலோவுக்குக் கீழே இருக்கும் சாக்குகளை எடுத்து, அந்தந்த நாளின் ரசீதுகளோடு ஒப்பிட்டு, விட்டுப்போன எடையை உரியவர் கணக்கில் சேர்க்க வேண்டியதும் இருக்கிறது.